கண் காட்டும் நிறம் ஒன்று. காமிரா காட்டும் நிறம் ஒன்று!

"காமிரா பொய் சொல்லாது" என்பார்கள். "என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்" என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு.

ஒரே பொருளின் நிறத்தைக் கண் ஒரு விதமாகவும், காமிரா வேறு விதமாகவும் காட்டினால்? எதை நம்புவது?

இந்தக் கேள்வி, அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்துக்கே ஒரு நாள் வந்து விட்டது.

ஆரஞ்சு வானம்

2020-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம் 9-ந் தேதி. கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சான்பிரான்சிஸ்கோ நகரம்.

மக்கள் காலையில் கண் விழித்தார்கள். பொழுது விடிந்ததாகவே தெரியவில்லை!

ஜன்னலைத் திறந்தார்கள். வானம் முழுவதும் ஆரஞ்சுப் பழத்தின் நிறம்! வீடுகள், மரங்கள், தெருக்கள் எல்லாம் அதே நிறம்!

பட்டப் பகலில் தெரு விளக்குகள் எரிந்தன. மோட்டார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடின.

காரணம், காட்டுத் தீ. அந்தப் பகுதிகளில் பல நாட்களாகக் காடுகள் எரிந்து கொண்டு இருந்தன. அந்தப் புகை நகரத்துக்கு மேலே போர்வை போலப் படர்ந்து விட்டது. சூரிய ஒளியில் உள்ள நீல நிறத்தைப் புகை தடுத்து விட்டது. மஞ்சளும் சிவப்பும் மட்டுமே கீழே இறங்கி வந்தன.

இந்த அதிசயத்தைப் படம் பிடிக்க, ஆயிரக்கணக்கானவர்கள் செல்போனை எடுத்தார்கள். படத்தைப் பார்த்தார்கள். திகைத்தார்கள்!

படத்தில் ஆரஞ்சு நிறமே இல்லை. மழைக்கால வானம் போல வெறும் சாம்பல் நிறம்!

கண் முன்னே வானம் தீப்பிடித்தது போல இருக்கிறது. கையில் உள்ள காமிராவோ, "ஒன்றும் இல்லையே!" என்கிறது.

காமிரா பழுதாகவில்லை. அது தன் வேலையைத்தான் செய்தது. அந்த வேலை என்ன என்று தெரிய வேண்டுமானால், முதலில் நம் கண்ணைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும்.

கண் எப்படிப் பார்க்கிறது?

கண்ணின் நடுவே கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது அல்லவா? அது கண்மணி. உண்மையில் அது ஒரு துவாரம். அதன் வழியாகத்தான் ஒளி உள்ளே போகிறது.

கண்ணின் பின்புறத்தில், உள்பக்கமாக ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதன் பெயர் விழித்திரை. ஒளி அதன் மீது விழுகிறது.

விழித்திரையில், ஒளியை உணரும் மிக நுண்ணிய அணுக்கள் உண்டு. அவற்றில் இரண்டு வகை முக்கியமானவை. ஒரு வகை, கூம்பு வடிவமானது. மற்றொரு வகை, குச்சி வடிவமானது.

நிறத்தைக் காட்டுவது கூம்பு அணுக்கள். ஒரு கண்ணில் சுமார் 60 லட்சம் கூம்பு அணுக்கள் இருக்கின்றன.

அவற்றிலும் மூன்று பிரிவு உண்டு. ஒரு பிரிவு, நீல ஒளியை நன்றாக உணரும். மற்றொன்று, பச்சை ஒளியை நன்றாக உணரும். மூன்றாவது, சிவப்புப் பக்கம் உள்ள ஒளியை உணரும்.

மூன்றும் தங்கள் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. மூளை அதை ஒப்பிட்டுப் பார்த்து, "இது ரோஜா நிறம்", "இது மாந்தளிர் நிறம்" என்று முடிவு செய்கிறது.

ஆம்! நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது கண் அல்ல. மூளை!

பாத்திரத்தின் எடை

ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துக் கொள்ளுங்கள். பகலில் வாசலில் வைத்துப் பாருங்கள். வெள்ளையாக இருக்கும். இரவில், மஞ்சள் வெளிச்சம் தரும் குண்டு பல்புக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அப்போதும் வெள்ளையாகவே தோன்றும்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா?

பகலில் அந்தக் காகிதத்தில் இருந்து உங்கள் கண்ணுக்கு வந்தது வெள்ளை ஒளி. இரவில் வந்தது மஞ்சள் ஒளி. ஒளி மாறிவிட்டது. ஆனால் காகிதம் மட்டும் மாறாமல் தெரிகிறது!

கடையில் எண்ணெய் வாங்கப் பாத்திரம் கொண்டு போகிறோம். கடைக்காரர் என்ன செய்கிறார்? முதலில் வெறும் பாத்திரத்தை நிறுத்துக் கொள்கிறார். பிறகு எண்ணெயை ஊற்றி நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழித்து விடுகிறார்.

நமது மூளையும் இப்படிப்பட்ட கடைக்காரர்தான்! "இங்கே வெளிச்சமே மஞ்சள்தான்" என்று முதலில் தெரிந்து கொள்கிறது. பிறகு அந்த மஞ்சளைக் கழித்து விடுகிறது. மீதி இருப்பதுதான் காகிதத்தின் நிறம்.

இதை நாம் கற்றுக் கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை. மூளை தானாகவே ஒவ்வொரு நிமிஷமும் செய்து கொண்டு இருக்கிறது.

காமிரா என்ன செய்கிறது?

காமிராவுக்கு மூளை கிடையாது. அதற்குள் இருப்பது, ஒளியை அளக்கும் ஒரு சிறிய தகடு. அந்தத் தகட்டில் லட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உண்டு.

ஒரு கட்டத்துக்குத் தெரிந்தது எல்லாம், "வெளிச்சம் அதிகமா, குறைவா" என்பதுதான். நிறம் தெரியாது!

அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே, வண்ணக் கண்ணாடி போன்ற ஒரு வடிகட்டியை வைத்து இருக்கிறார்கள். நான்கு கட்டங்களை எடுத்துக் கொண்டால், ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், மீதி இரண்டுக்கும் பச்சை.

பச்சைக்கு மட்டும் ஏன் இரண்டு பங்கு? மனிதனுடைய கண், பச்சைப் பக்கம் உள்ள ஒளியில்தான் பொருள்களை மிகவும் துல்லியமாகப் பார்க்கிறது. அதையே காமிராவும் பின்பற்றுகிறது!

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் பிரைஸ் பேயர் என்ற அமெரிக்கர். கோடக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1976-ம் ஆண்டில் இதற்கு அவருக்கு உரிமை வழங்கப்பட்டது. இன்று உலகில் உள்ள பெரும்பாலான செல்போன் காமிராக்களில் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

தவறிய கணக்கு

பிலிம் போட்டுப் படம் பிடித்த காலத்தில், காமிரா எதையும் கழிக்காது. பகல் வெளிச்சத்துக்கு என்று செய்த வண்ணப் பிலிமைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் பயன்படுத்தினால், மாப்பிள்ளையும் பெண்ணும் மஞ்சள் பூசிக் குளித்தது போல இருப்பார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால், முகத்தில் பச்சை ஓடும்.

இப்போது உள்ள காமிராக்கள், கழித்தல் கணக்கைத் தாமே போடுகின்றன. படத்தில் மஞ்சள் அதிகமாக இருந்தால், "இது விளக்கின் நிறம்" என்று யூகித்து, அதை எடுத்து விடுகின்றன.

சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது இதுதான்!

வானம் முழுவதும் ஆரஞ்சாக இருந்தது. "இவ்வளவு ஆரஞ்சு எங்கேயாவது உண்டா? இது விளக்கின் நிறமாகத்தான் இருக்கும்" என்று காமிரா கணக்குப் போட்டது. ஆரஞ்சைக் கழித்து விட்டது. எண்ணெயைப் பாத்திரம் என்று நினைத்துக் கழித்த கடைக்காரர் போல!

நம் மூளையும் கழிக்கும். ஆனால், வெளிச்சம் அடியோடு மாறிப் போனால், முழுவதையும் கழித்து விடாது. அதனால்தான் மக்களின் கண்ணுக்கு வானம் ஆரஞ்சாகவே தெரிந்தது.

காமிராவின் தானியங்கிக் கணக்கை நிறுத்தி விட்டுப் படம் எடுத்தவர்களுக்கு, ஆரஞ்சு வானம் அப்படியே கிடைத்தது.

ஒரே உடை, இரண்டு நிறம்

மூளையின் கணக்கு எப்போதும் சரியாக இருக்குமா? அதுவும் இல்லை!

2015-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணம். அதற்காக வாங்கிய ஒரு பெண்ணின் உடையைப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் சில நாட்களில் உலகம் முழுவதும் பரவியது.

வீட்டுக்கு வீடு சண்டை! "உடை நீலம், அதில் கறுப்புப் பின்னல்" என்றார் கணவர். "இல்லவே இல்லை. வெள்ளை உடை, பொன்னிறப் பின்னல்" என்றார் மனைவி. இருவரும் பார்த்தது ஒரே படம்தான்!

படத்தில், உடை வெயிலில் இருக்கிறதா, நிழலில் இருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியவில்லை. அதனால் ஒவ்வொருவர் மூளையும் ஒரு யூகம் செய்தது.

"நிழலில் இருக்கிறது, நிழல் வெளிச்சம் நீலமானது" என்று யூகித்த மூளை, நீலத்தைக் கழித்தது. உடை வெள்ளையாகத் தெரிந்தது. "மஞ்சள் வெளிச்சத்தில் இருக்கிறது" என்று யூகித்த மூளை, மஞ்சளைக் கழித்தது. உடை நீலமாகத் தெரிந்தது.

உண்மையில் அந்த உடையின் நிறம், நீலமும் கறுப்பும்தான். ஆனாலும் மற்றவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள்.

படத்தைப் பார்த்துப் புடவை வாங்குகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கடையின் விளக்கு ஒன்று, காமிராவின் கணக்கு ஒன்று, செல்போன் திரை ஒன்று. இத்தனையும் தாண்டித்தான் அந்த நிறம் நம்மிடம் வருகிறது. புடவையைப் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பதுபோல் வராது!

கண்ணுக்குத் தெரியாத ஒளி

காமிராவுக்கு வேறு ஒரு குணமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாததும் அதற்குத் தெரியும்.

1861-ம் ஆண்டு, மே மாதம் 17-ந் தேதி. லண்டனில் மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி, கட்டம் போட்ட ஒரு ரிப்பனின் படத்தை வண்ணத்தில் காட்டினார். அந்த ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே படம் பிடித்து இருந்தார்கள். அவற்றை அதே நிற ஒளியில் ஒன்றன் மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்தார். ரிப்பன் வண்ணத்தில் தெரிந்தது! இதுவே முதல் வண்ணப் போட்டோ என்று சொல்லப்படுகிறது.

இதில் ஒரு மர்மம் இருந்தது. அந்தக் காலத்துப் போட்டோத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளியே தெரியாது! சிவப்பு எல்லாம் கறுப்பாகத்தான் விழும். அப்படி இருக்க, ரிப்பனின் சிவப்புப் பகுதி எப்படிப் பதிந்தது?

100 ஆண்டுகள் கழித்து, 1961-ம் ஆண்டில் விடை கிடைத்தது. கோடக் கம்பெனியின் ரால்ப் எவான்ஸ் என்ற நிபுணர் அதைக் கண்டு சொன்னார்.

ரிப்பனில் இருந்த சிவப்புச் சாயம், புற ஊதாக் கதிர்களையும் திருப்பி அனுப்பியது. அந்தக் கதிர், சிவப்பு வடிகட்டியின் வழியாகவும் புகுந்து வந்தது. தகட்டில் பதிந்தது சிவப்பு அல்ல. மனிதக் கண்ணுக்கே தெரியாத அந்தக் கதிர்தான்!

இதே போன்ற வேடிக்கையை வீட்டிலும் பார்க்கலாம். டெலிவிஷன் ரிமோட்டின் முனையை நேராகப் பாருங்கள். பட்டனை அழுத்தினாலும் வெளிச்சம் தெரியாது. அதையே செல்போன் காமிரா வழியாகப் பாருங்கள். பல செல்போன்களில், முனையில் ஊதா கலந்த வெள்ளைப் பொட்டு மின்னும்! ரிமோட் அனுப்பும் அகச்சிவப்புக் கதிர் அது. முகத்தைப் படம் எடுக்கும் முன்பக்கக் காமிராவில் பெரும்பாலும் நன்றாகத் தெரியும்.

இருட்டில் வெல்வது யார்?

இருட்டிலும் காமிராவுக்கு ஒரு வசதி உண்டு.

வெளிச்சம் மிகவும் குறைந்தால், கண்ணில் உள்ள கூம்பு அணுக்கள் வேலை செய்வது இல்லை. குச்சி அணுக்கள் மட்டுமே பார்க்கின்றன. அவற்றுக்கு நிறம் தெரியாது. நிலா வெளிச்சத்தில் செம்பருத்தியின் சிவப்பு தெரியாமல் போவது இதனால்தான்.

காமிரா அப்படி அல்ல. பல வினாடிகள் திறந்தே இருந்து, சிறுகச் சிறுக ஒளியைச் சேர்த்துக் கொள்ளும்.

2024-ம் ஆண்டு மே மாதம், சூரியனில் இருந்து கிளம்பிய பெரும் புயல் பூமியைத் தாக்கியது. பல நாடுகளில் இரவு வானம் ஒளிர்ந்தது. கண்ணுக்குச் சாம்பல் நிறமாக மங்கித் தெரிந்த ஒளி, செல்போன் படத்தில் பச்சையும் சிவப்புமாக ஜொலித்தது! நமது லடாக்கில், ஹான்லே வானிலும் இந்தச் செவ்வொளியைக் காமிராக்கள் படம் பிடித்தன.

குழந்தையின் கண்ணில் வெள்ளை ஒளி

இதுவரை சொன்னது எல்லாம் வேடிக்கை என்று தோன்றலாம். ஆனால், கண்ணுக்கும் காமிராவுக்கும் உள்ள இந்த வித்தியாசம், சில குழந்தைகளின் உயிரையே காப்பாற்றி இருக்கிறது.

இருட்டில் "பிளாஷ்" போட்டுப் படம் எடுத்தால், சிலருடைய கண்மணி சிவப்பாக விழும். பார்த்து இருப்பீர்கள்.

பிளாஷ் ஒளி, விரிந்து இருக்கும் கண்மணி வழியாக உள்ளே பாய்கிறது. கண்ணின் பின்புறத்தில் ரத்தக் குழாய்கள் நிறைந்து இருக்கின்றன. அங்கே பட்டுத் திரும்பும் ஒளி சிவப்பாக வருகிறது. பிளாஷ், காமிராவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அந்த ஒளி நேராகக் காமிராவுக்குள் வந்து சேருகிறது. அந்தச் சிவப்பு நல்லது. பயப்பட வேண்டாம்.

ஆனால், கண்மணி வெள்ளையாகவோ, வெளிறிய மஞ்சளாகவோ விழுந்தால்? அதைக் கவனிக்க வேண்டும்!

குழந்தைகளுக்கு வரும் ஒரு வகைப் புற்றுநோய் உண்டு. அது விழித்திரையில் உண்டாகும். பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது. விழித்திரையில் கட்டி இருந்தால், ஒளி அதன் மீது பட்டு வெள்ளையாகத் திரும்பும்.

சாதாரண வெளிச்சத்தில், தாய் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குழந்தையின் கண்மணி பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும். உள்ளே போன ஒளி பெரும்பாலும் தாயின் கண்ணுக்குத் திரும்பி வருவது இல்லை. அதனால் தாயின் கண்ணுக்குத் தப்புவது, காமிராவில் சிக்கி விடலாம்!

ஒரு தந்தையின் ஆராய்ச்சி

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், பேலர் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஷா என்ற ரசாயனப் பேராசிரியர் இருக்கிறார். 2008-ம் ஆண்டில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான்.

குழந்தையின் படங்களில், கண்ணில் வெள்ளை ஒளி விழுவதைத் தாய் கவனித்தார். டாக்டரிடம் சொன்னார். பரிசோதித்தார்கள். கண்ணில் புற்றுநோய்! அப்போது குழந்தைக்கு 4 மாதம்.

சிகிச்சை நடந்தது. ஒரு கண்ணை எடுக்க வேண்டியது ஆயிற்று. குழந்தை பிழைத்துக் கொண்டது.

தந்தைக்கு மனம் ஆறவில்லை. பழைய படங்களை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழந்தை பிறந்து 12-வது நாளில் எடுத்த படத்திலேயே அந்த வெள்ளை ஒளி இருந்தது! படம் சொல்லி விட்டது. பார்த்தவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியவில்லை.

"மற்றக் குழந்தைகளுக்கு இந்தத் தாமதம் ஏற்படக் கூடாது" என்று அவர் விரும்பினார். மற்றவர்களோடு சேர்ந்து, படங்களில் வெள்ளைக் கண்ணைத் தேடும் செல்போன் செயலி ஒன்றை உருவாக்கினார்.

அதைச் சோதித்துப் பார்த்த முடிவு, 2019-ம் ஆண்டில் வெளியாயிற்று. 40 குழந்தைகளின் 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களைச் சோதித்தார்கள். அவர்களில் 20 பேர் கண் நோய் உள்ளவர்கள். அந்த 20 பேரில் 16 பேருடைய படங்களில், டாக்டர் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே வெள்ளை ஒளி இருந்தது. சராசரியாக 1 வருஷம் 4 மாதத்துக்கு முன்பே!

என்ன செய்ய வேண்டும்?

வெள்ளையாக விழுந்த உடனே பதற வேண்டியது இல்லை. குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது, ஒளி கண் நரம்பின் முனையில் பட்டும் வெள்ளையாகத் திரும்பலாம். அது நோய் அல்ல. கண் புரை போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். புரைக்கும் சீக்கிரம் வைத்தியம் செய்ய வேண்டும்.

எது காரணம் என்பதைப் படத்தை வைத்து நாமே முடிவு செய்ய முடியாது. அது கண் டாக்டரின் வேலை. அவர் இருட்டு அறையில் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்ப்பார். படத்தையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

ஒரு கண் சிவப்பாகவும், மறு கண் வெள்ளையாகவும் விழுந்தால் அலட்சியம் வேண்டாம். பல படங்களில் அதே கண் வெள்ளையாக விழுந்தால், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இப்போது உள்ள பல செல்போன்கள், கண்ணின் சிவப்பை அழகுக்காகத் தாமே அழித்து விடுகின்றன. அப்போது வித்தியாசம் மறைந்து போகலாம். ஆகவே, படத்தில் வெள்ளை இல்லை என்பதனால் நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. குழந்தைக்கு மாறுகண் இருந்தாலோ, பார்வையில் சந்தேகம் இருந்தாலோ டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும்.

இந்தப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், பெரும்பாலான குழந்தைகளைப் பிழைக்க வைத்து விடலாம். பலருக்குப் பார்வையையும் காப்பாற்றலாம். நாள் ஆக ஆக ஆபத்து கூடும்.

எதை நம்புவது?

காமிரா ஒளியை அளக்கிறது. கண் அந்த ஒளியை மூளைக்கு அனுப்புகிறது. மூளை, "இது என்ன பொருள்?" என்று யோசித்து நிறத்தைச் சொல்கிறது. ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது.

சான்பிரான்சிஸ்கோ வானத்தில் கண் ஜெயித்தது. குழந்தையின் கண்மணியில் காமிரா ஜெயித்தது.

காமிரா எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும், அதில் உள்ள வெள்ளைப் பொட்டைப் பார்த்து, "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்க ஒரு தாய் வேண்டும். உங்கள் வீட்டுக் குழந்தையின் படங்களை இன்று ஒரு முறை எடுத்துப் பாருங்கள்!